உன் நைனா கொண்டுவந்த நோய் இல்லை அது

தம்பி, இதைக் கேன்டீனில் வைத்துப் பிரிக்காதே. ரூமுக்குப் போய், கூட இருக்கிற பையன்கள் வெளியே போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் படி. போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். "பாதபூஜையெல்லாம் வேணாம்மா, அந்தாளு கால என்னால தொட முடியாது, மாமாவ ஒக்கார வெச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு நீ டக்கென்று வைத்துவிட்டாய். திரும்பப் போட்டால் எடுத்திருப்பாயா? உன் குணம் எனக்குத் தெரியாதா என்ன. காகிதம் என்றால் நீ பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும், எடுத்துப் படிக்கத்தான் வேண்டும். பெற்ற தகப்பன் இருக்கும்போது உன் கல்யாணத்தில் என் தம்பியை அந்த இடத்தில் உட்கார வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இப்போது மத்தியானம். அங்கன்வாடிப் பிள்ளைகள் எல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்குகிறார்கள். ஒருத்தன் தூக்கத்திலேயே சிரிக்கிறான், என்ன கண்டானோ. ஆயா சுவரில் சாய்ந்து வேறு ஏதோ உலகத்தில் இருக்கிறாள். ஜன்னல் வழியாகக் கடல் காற்று வந்து வந்து போகிறது, எனக்கும் கண் செருகுகிறது. இந்த நேரத்தில் என் புத்தி ஓரிடத்தில் நிற்காது. நீ குழந்தையாக இருக்கிற மாதிரியும், நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற மாதிரியும், சுனாமிக்கு முந்தின நம் பழைய வீட்டில் அடுப்பு எரிகிற மாதிரியும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வருகிறது. பேச்சு இங்கேயும் அங்கேயும் போனால் பொறுத்துக்கொள்.

என் நோய் எந்த இடத்தில் வந்தது என்று உனக்குத் தெரியும். ஆனால் நம் வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊருக்கெல்லாம் கர்ப்பப்பை என்று சொல்லிவைத்தோம். உன் மாமியாராகப் போகிறவங்ககூட நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்ப்பப்பைய எடுத்துட்டாங்களாமே சம்பந்தி, இடுப்பு வலி இருக்குதா?" என்று கேட்டாங்க. நானும் ம்ம் என்று தலையாட்டினேன். பாவம், என் கர்ப்பப்பை ஒரு தப்பும் செய்யாமல் இருந்த இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது, பழி மட்டும் அதன் மேல். வந்தது பிறப்புறுப்பின் வெளித்தோலில். எழுதிவிட்டேன் பார், காகிதம் ஒன்றும் தீப்பிடித்துவிடவில்லை. இங்கே தினமும் பிள்ளைகளுக்கு உடம்பைத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொடுக்கிறேன். கண், மூக்கு, கழுத்து, வயிறு என்று வருவேன், வயிறு முடிந்ததும் நேரே முழங்காலுக்குத் தாவிவிடுவேன். நடுவில் உடம்பே கிடையாது என்பது போல. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் தாவினார்கள்.

சுனாமிக்குப் பிறகு நம்மைத் தகரக் கொட்டகையில் வைத்திருந்தார்களே, நினைவிருக்கிறதா? மேலே தகரம், கீழே மணல், மத்தியானத்தில் உள்ளே இருந்தால் ஆள் வெந்துவிடும். அங்கேதான் எனக்கு அரிப்பு ஆரம்பித்தது. புடவையை நாலு பக்கமும் கட்டிவிட்டு, பாவாடையை மார்பு வரை ஏற்றிக் கட்டிக்கொண்டு பெண்கள் குளிப்போம். பாவாடைக்கு மேலேயே தண்ணீர், பாவாடைக்கு மேலேயே சோப்பு. அத்தனை வயதுக்கும் அந்த இடத்தை நான் என் கண்ணால் பார்த்ததே இல்லை தம்பி. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பக்கத்துக் கொட்டகைக்காரியிடம் ஜாடையாகச் சொன்னேன். "சூடுக்கா அது. எண்ண தேச்சித் தலைக்கு ஊத்து, மோரக் குடி, தன்னால போயிடும்" என்றாள். இன்னொருத்தி சிப்காட் கெமிக்கல் கம்பெனிக் காற்றுதான் காரணம் என்றாள். மருந்துக்கடையில் போய் அரிப்புக்கு ஒரு களிம்பு என்றேன், எங்கே அரிப்பு என்று அவன் கேட்க, கை என்று சொல்லி வாங்கி வந்தேன். நம் படகு சுனாமியில் போன பிறகு உன் நைனா மங்களூருக்கு விசைப்படகு வேலைக்குப் போய்விட்டார். நீ ப்ளஸ் டூ முடித்துச் சிதம்பரம் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். புது வீடும் வந்தது. அரிப்பு மட்டும் என்னோடு தங்கிவிட்டது. எண்ணெய்க் குளியலும் மோருமாக வருஷங்கள் போயின.

அப்புறம் அது புண் ஆயிற்று, புண்ணுக்குள் கடலை மாதிரி ஒரு கட்டி. பாவாடையில் ரத்தம் பட்ட அன்றைக்குத்தான் நம் ஊர் டாக்டரம்மாவிடம் போனேன். அவங்க ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தாங்க. அங்கே ஒரு நர்ஸ் என் கையில் சின்னக் கண்ணாடியைக் கொடுத்து, "பாருங்கம்மா, ஒங்க ஒடம்புதானே, கூச்சம் இன்னா?" என்றது. பார்த்தேன். தோல் வெளுத்து, மெலிந்து, வெங்காயச் சருகு மாதிரி இருந்தது, அதன் ஓரத்தில் அந்தக் கட்டி. "இந்த வெள்ளை எத்தன வருஷமா இருக்குது?" என்று டாக்டர் கேட்டார். தெரியாது சார், இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றேன். அந்த டாக்டர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதையும் சீட்டில் எழுதிக்கொண்டார்.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் என் கீழ்ப்பாதி உடம்பு கழன்று எங்கேயோ போய்விட்டது. வலி இல்லை, பயமும் இல்லை. மேலே வெள்ளை விளக்கு, அது பச்சையாக மாறியது, பார்த்தால் பிச்சாவரத்துக் கால்வாயில் இருக்கிறேன். நீ ஆறு வயதில் படகின் முன்னால் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டுக்கொண்டு வருகிறாய். சுரபுன்னை வேரெல்லாம் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிறது. உன் நைனா பின்னால் நின்று கழி போடுகிறார். மரங்கள் மேலே கூடி நிழல் கட்ட, அந்தக் கால்வாய் முடியவே முடியாமல் போய்க்கொண்டிருக்கிறது. "அம்மா, முழிச்சிருக்கீங்களா?" என்று யாரோ கேட்டார்கள். "போட்டுல போய்க்கிட்டிருக்கேன்" என்றேனாம். எல்லாரும் சிரித்தது கேட்டது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்தத் தண்ணீர் வருகிறது தம்பி. நாம் மூன்று பேரும் ஒரே படகில் இருந்த கடைசி நேரம் அதுதான், அதுவும் கனவில்.

ஏனென்றால் அடுத்த நாளே நீ அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டாய். நான் தூங்குகிறேன் என்று நினைத்தாய். நான் தூங்கவில்லை, வயிற்றிலும் தொடையிலும் டியூப் இருந்ததால் எழுந்திருக்கத்தான் முடியவில்லை. வராந்தாவில் உன் குரல் வந்தது. "மங்களூர்ல இன்னா பண்ணிக்கிட்டிருந்தே நைனா? இந்தக் கேன்சரு எப்படி வரும்னு நெட்ல படிச்சிட்டேன். வைரஸு. ஆம்பள எவகிட்டயாவது போயி வாங்கியாந்து பொண்டாட்டிக்குக் குடுக்கறது." அவர் கையில் எனக்கு ஜவ்வரிசிக் கஞ்சி கொண்டுவந்த பிளாஸ்க் இருந்தது. "இன்னா தம்பி சொல்ற?" என்றார். அவ்வளவுதான். இல்லை என்று சொல்வார், உன் கன்னத்தில் ஒன்று வைப்பார் என்று காத்திருந்தேன். பிளாஸ்க்கை என் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார். அப்படி எல்லாம் பேசாதடா என்று மறுநாள் நான் சொன்னபோது, "நீ சும்மா இரும்மா, ஒனக்குத் தெரியாது" என்றாய். அதற்குப் பிறகு நைனா என்கிற வார்த்தையே உன் வாயில் வரவில்லை.

ஒன்றை நீ பார்த்திருக்க மாட்டாய். என் காயம் ஆற மாசக்கணக்கானது. உப்பு போட்ட வெந்நீரில் தினமும் என்னை உட்கார வைத்து, எழுப்பி, ஒற்றியெடுத்து, மருந்து வைத்தது உன் நைனாதான். வெளியில் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். மங்களூரை விட்டுவிட்டு இங்கே துறைமுகத்திலேயே இன்ஜின் வேலைக்குப் போனார். ஆனால் தனக்கென்று ஒரு டம்ளர், ஒரு தட்டு, ஒரு துண்டு என்று பிரித்து வைத்துக்கொண்டார். பாயையும் முன்னறைக்குக் கொண்டுபோய்விட்டார். தன் துணியைத் தானே தனியாக டெட்டால் ஊற்றித் துவைப்பார். என் புண்ணைப் பார்த்து அருவருப்பு வந்துவிட்டது இந்த மனுஷனுக்கு என்று நான் நினைத்தேன். தொட்டுத் துடைக்கிற கைக்கு என்ன அருவருப்பு என்று யோசிக்கத் தெரியவில்லை எனக்கு. பொங்கலுக்கு வந்த நீ அந்தத் தனி டம்ளரைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "பாத்தியா, குத்தமுள்ள நெஞ்சு" என்றாய். அன்றைக்கு உன்னை நான் அடித்திருக்க வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். போன மாசம் வழக்கமான செக்கப்புக்குச் சிதம்பரம் போயிருந்தேன். அங்கே மேல்படிப்பு படிக்கிற ஒரு பெண், டாக்டர்தான், உன் வயதுதான் இருக்கும், என்னைத் தேடி வந்தாள். ஆபரேஷனில் எடுத்த சதையை மெழுகில் வைத்துப் பத்திரப்படுத்தியிருப்பார்களாம். என் மாதிரி வந்தவர்களின் பழைய சதையை எல்லாம் எடுத்து, மெல்லியதாகச் சீவி, புதுச் சாயம் போட்டு ஆராய்ச்சி செய்கிறாளாம். முன்னாலேயே என்னிடம் சம்மதம் கேட்டிருந்தாள். "என்னுத நான் பாக்கலாமா?" என்றேன். அவளுக்கு ஒரே ஆச்சரியம். கூட்டிக்கொண்டு போய் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தாள். கண்ணாடியில் கூடப் பார்க்காமல் இருந்தவள், கடைசியில் இவ்வளவு உள்ளே போய்ப் பார்த்தேன் தம்பி. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அப்படியே விரிந்தது. இளஞ்சிவப்பும் ஊதாவுமாக, விடியற்காலையில் கரையிலிருந்து கடலைப் பார்க்கிற மாதிரி. இவ்வளவு அழகான ஒன்றா என்னைக் கொல்லப் பார்த்தது என்று இருந்தது. வேறு கண்ணாடித்துண்டு மாற்றினாள். அதில் பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள், நெருக்கமாக. அதையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது.

அவள் சொன்னதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன். "வெளியிலேருந்து பாத்தா இந்தக் கேன்சர் ஒண்ணுதாம்மா. செல்லுக்குள்ள போய்ப் பாத்தா ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஹெச்பிவின்னு ஒரு வைரஸால வர்றது. அதா இருந்தா பி-16ன்னு ஒரு சாயம் நல்லாப் பிடிச்சுக்கும். உங்களுதுல பிடிக்கவே இல்ல. இன்னொண்ணு, தோல் வருஷக்கணக்கா அரிச்சு வெளுத்து மெலிஞ்சு போற வியாதிலேருந்து வர்றது. அரிச்சு அரிச்சுத் தோல் செல்லுங்க அழிஞ்சு, புதுசு புதுசா வந்துக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற ஜீனெல்லாம் ரெண்டாகணும். அதுல எப்பவாவது தப்பு விழும். தப்பு விழுந்த செல்ல நிறுத்தறதுக்குன்னே பி-53ன்னு ஒரு ஜீன் இருக்கு. உங்களுக்கு அந்த ஜீன்லயே தப்பு விழுந்துடுச்சு. அது செய்யற புரதச் சரக்கு கெட்டுப்போயி செல்லுக்குள்ள தேங்கி நிக்குது. நீங்க பாத்தீங்களே பழுப்புப் புள்ளி, அது அதுதான்." ஜீனையே எழுத்தெழுத்தாகப் படிக்கிற மெஷின் இங்கே இல்லை, ஆனால் சாயமும் அந்த வெள்ளைத் தோலும் சேர்ந்து ஒரே பக்கம்தான் கை காட்டுகிறது என்றாள்.

"எங்க வூட்டுக்காரர்கிட்டேர்ந்து வந்தது இல்லியாம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்க வீட்டுக்காரரா? அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா." நல்லா பார்த்துச் சொல்லு தாயீ என்றேன். திரும்பவும் அதையே சொன்னாள். என் பிள்ளைக்கு வருமா என்றும் கேட்டேன். பிறக்கும்போதே ரத்தத்தில் வந்த தப்பு இல்லை இது, பின்னால் அந்த இடத்துத் தோலில் மட்டும் விழுந்த தப்பு, பிள்ளைக்குப் போகாது என்றாள். உன் மாமியார் வீட்டில் யாராவது முணுமுணுத்தால் இதைச் சொல்லு.

நீ நெட்டில் படித்தது பொய் இல்லை. பாதி. இரண்டு வழியில் ஒரு வழியைப் படித்துவிட்டு, மறு பக்கத்தைத் திருப்பாமல் எழுந்து வந்துவிட்டாய். சிதம்பரத்தில் இன்ஜினியரிங் படித்த பிள்ளை, இன்னும் கொஞ்ச நேரம் அந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருக்கக் கூடாதா? ஆனால் இதைப் படித்ததும், அப்பாடா நைனா தப்பு செய்யவில்லை என்று நீ நிம்மதியாகிவிடக் கூடாது, அதற்கும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பெண்ணிடம், வைரஸ் வகையாகவே இருந்திருந்தால் என்னம்மா சொல்லியிருப்பாய் என்று கேட்டேன். "அப்பவும் யாரையும் குத்தம் சொல்லியிருக்க மாட்டேம்மா. அந்த வைரஸ் ரொம்பப் பேருக்கு வந்துட்டுப் போகும், சில பேருகிட்ட வருஷக்கணக்கா சத்தமில்லாமக் கெடக்கும். யாரு, எப்ப, எங்கேர்ந்துன்னு எந்த மெஷினும் சொல்லாது" என்றாள். கேட்டுக்கொள். சாயம் வேறு மாதிரி பிடித்திருந்தாலும் உனக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை வந்திருக்காது. மங்களூரில் என்ன நடந்தது, நடக்கவில்லை என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்த கையைத்தான் எனக்குத் தெரியும்.

நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வருகிறாள். எங்கேயாவது அரிக்கிறது, எரிகிறது என்று அவள் சொன்னால் சூடு என்று சொல்லி மோர் கலக்கிக் கொடுக்காதே. எங்கே என்று கேள், கூச்சப்பட்டால் நீயும் கூடச் சேர்ந்து கூச்சப்படாமல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. சீக்கிரம் பார்த்திருந்தால் எனக்குக் களிம்பிலேயே அடங்கியிருக்குமாம், தோல் இவ்வளவு தூரம் போயிருக்காதாம். அவளிடம் கோபம் வந்தால் கோபப்படு, எனக்கு உன் நைனாவோடு சண்டை வராத வாரமே கிடையாது. ஆனால் பாதி தெரிந்ததை வைத்துக்கொண்டு முழுசாகத் தீர்ப்பு சொல்லிவிடாதே. கூட வாழ்கிறவர்கள் எதிர்த்துப் பேச மாட்டார்கள் தம்பி. பேசாமல் இருந்துவிடுவார்கள்.

அன்றைக்குச் சிதம்பரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் வயல் பச்சையாக ஓடிக்கொண்டிருந்தது, நான் அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள். வீட்டுக்கு வந்தால் உன் நைனா வாசலில் குழாயடியில் கையில் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு வழியையும், இரண்டு சாயத்தையும், எனக்குப் புரிந்தவரை சொன்னேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அப்போ எங்கிட்டேர்ந்து வரலியா?" என்றார். "இல்லங்க." "நெசமாவா?" "நெசமா." குழாயை மூடினார், இரண்டு பேரும் வாசப்படியில் உட்கார்ந்தோம். பிறகு சொல்கிறார், கேள்: "தம்பி அன்னிக்குச் சொன்னப்ப எனக்கே தெரியல புள்ள. போட்டுல பத்துப் பேரு வாய் வெச்ச டம்ளர்ல டீ குடிச்சிருக்கேன். கண்டவன் படுத்த பாயில படுத்திருக்கேன். எதுலேர்ந்து எம்மேல ஒட்டிச்சோ, ஒனக்குக் குடுத்துட்டனேன்னு நெனச்சேன். மறுபடியும் ஒட்டக் கூடாதுன்னுதான் எல்லாத்தையும் தனியா வெச்சிக்கினேன்."

தம்பி, நீ கேட்ட கேள்வியே அந்த மனுஷனுக்குப் புரியவில்லை. நீ எவளையோ நினைத்துக் கேட்டாய், அவர் டீ டம்ளரை நினைத்துப் பதில் இல்லாமல் நின்றார். அதை நாம் இரண்டு பேரும், படித்த நீயும் கூடவே படுத்த நானும், நமக்குத் தோன்றியபடி அர்த்தம் பண்ணிக்கொண்டோம். எனக்கு அவரைக் கட்டிக்கொண்டு கத்த வேண்டும் போல் இருந்தது. இப்பவே தம்பிக்குப் போன் போடுகிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்துவிட்டார். "சொல்லிடாத புள்ள. கல்யாணம் வர்ற நேரம். பெத்தவனத் தப்பா நெனச்சிட்டமேன்னு மனசு ஒடஞ்சிடுவான். மணவறையில தல நிமிராம ஒக்காந்திருப்பான். நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன், அதனால இன்னா. கடைசி வரிசையில நின்னு பாத்துக்கறேன்."

ஒரு மாசம் அவர் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்தேன். நீ போனில் அந்தாளு என்றதும் என்னால் முடியவில்லை. அவருக்கு இருக்கிற பெரிய மனசு எனக்குக் கிடையாது. உன் மனசு உடைந்தால் உடையட்டும். மணவறையில் நீ தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தால் இருந்துவிட்டுப் போ, சில மணி நேரம்தானே. உன் நைனா நாலு வருஷம் நம் வீட்டில் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

அம்மா